பழைய காரில் முதலில் வயதாவது எது?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரின் பானெட்டை முதன்முதலாகத் திறந்து பார்ப்பவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். ஒயர்கள், குழாய்கள், மூடிகள், எல்லாவற்றின் மேலும் ஒரு படலம் தூசி. நமக்கு இதெல்லாம் ஆகாது என்று உடனே மூடிவிடத் தோன்றும். மூட வேண்டாம். அங்கே இருப்பதை மூன்றாக மட்டும் பிரித்துப் பாருங்கள். இரும்பும் அலுமினியமும் ஒரு பக்கம். ரப்பர் ஒரு பக்கம். அப்புறம், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் திரவங்கள்.

இந்த மூன்றில் உலோகத்துக்குத்தான் ஆயுள் அதிகம். நேரத்துக்கு ஆயில் கண்ட என்ஜினின் பிஸ்டனும் கிராங்க் ஷாஃப்டும் இரண்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் உழைக்கும். முதலில் வயதாவது ரப்பரும் திரவமும்தான். சூடும் காற்றும் பட்டுப் பட்டு ரப்பர் இறுகும், வெடிப்பு விடும். திரவம் அழுக்காகும், ஈரம் குடிக்கும், துருப்பிடிக்காமல் இருக்க அதில் கலந்திருக்கும் சேர்மானங்கள் தீர்ந்துபோகும். என்ஜின் பாழாகிவிட்டது, ஹெட் (என்ஜினின் மேல்பகுதி) வளைந்துவிட்டது என்று பெரிய செலவாக வந்து நிற்கும் பல பழுதுகளின் கதையைப் பின்னோக்கிக் கேட்டால், ஒரு சின்ன ரப்பர் குழாயிலோ குறைந்துபோன கூலன்ட்டிலோ (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) போய் முடியும்.

ஆகவே வீட்டில் நாமே செய்துகொள்ளும் பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. திரவங்களையும் ரப்பரையும் கண்ணில் வைத்துக்கொள்வது, இயல்பான நிலை எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது, அது மாறும்போது கவனிப்பது, அவ்வளவுதான். ஸ்பேனர் பிடிக்கும் வேலை அதற்கு அப்புறம்தான் வருகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காருக்கு வயது இரண்டு வழியில் ஏறுகிறது. ஒன்று ஓடிய தூரம், இன்னொன்று கடந்த காலம். கையேட்டில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ" என்று போட்டிருப்பது இதனால்தான். "வண்டி ஓடவே இல்லையே, எதற்கு ஆயில் மாற்ற வேண்டும்?" என்று கேட்பவர்கள் நிறைய. நின்றிருக்கும் வண்டியிலும் பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, டயர் இறுகிக்கொண்டுதான் இருக்கிறது, பேட்டரி தானாக இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி இன்னும் பாவம். என்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்திவிடுவதால் உள்ளே சேரும் நீராவியும் எரியாத எரிபொருளும் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

தொடங்கும் முன்

காரோடு வந்த கையேட்டைத் தேடி எடுங்கள். எந்த ஆயில், எவ்வளவு, எந்த கூலன்ட், டயருக்கு எவ்வளவு காற்று என எல்லாம் அதில் இருக்கும். அடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, ஓடோமீட்டரில் உள்ள எண், செய்த வேலை, இந்த மூன்றை மட்டும் எழுதினால் போதும். பிறர் கையிலிருந்து வாங்கிய வண்டி, முன்பு என்ன செய்தார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை என்றால், எதையுமே மாற்றவில்லை என்று எடுத்துக்கொண்டு ஒரு தடவை எல்லாத் திரவங்களையும் ஃபில்டர்களையும் மாற்றிவிடுவது நல்லது. அன்றைய தேதியிலிருந்து உங்கள் கணக்கு ஆரம்பம். பெரிய செலவாகத் தோன்றலாம். ஆனால் அதற்கப்புறம் எதிலும் ஊகம் இருக்காது.

கருவிகளுக்கும் பெட்டி நிறைய வேண்டியதில்லை. ஒரு நல்ல டார்ச், டயர் காற்று அளக்கும் கேஜ், சாதாரண மல்டிமீட்டர், ஒரு ஸ்பேனர் செட், கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பழைய பருத்தித் துணி. இவை இருந்தால் இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலைகளில் முக்கால்வாசியை முடித்துவிடலாம்.

கை வைக்கும் முன் என்ஜின் ஆறியிருக்க வேண்டும், சாவியை எடுத்திருக்க வேண்டும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது. என்ஜினை நிறுத்தின பிறகும் சூடு இருந்தால் அது திடீரென்று தானாகச் சுற்றும். தொங்கும் சங்கிலி, துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. மோதிரத்தையும் உலோகப் பட்டை வாட்சையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரி பக்கம் வேலை பார்க்கும்போது அவை இருப்பது ஆபத்து.

என்ஜின் ஆயில்

ஒரே ஒரு விஷயத்தைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள். மேலே ஓடிக்கொண்டிருந்த ஆயில் கீழே சம்புக்கு, அதாவது ஆயில் தேங்கும் தொட்டிக்கு, இறங்கி வரவேண்டும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் நீளக் குச்சி) உருவித் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். மறுபடி முழுதாக உள்ளே விட்டு, மறுபடி உருவுங்கள். முதல் தடவை உருவும்போது தெரியும் அளவை நம்பக் கூடாது. வண்டி ஓடும்போது தெறித்த ஆயில் அந்தக் குழாய் முழுக்கப் பூசியிருக்கும்.

டிப்ஸ்டிக்கின் நுனியில் இரண்டு கோடுகளோ துளைகளோ இருக்கும். மேலே உள்ளது உச்ச அளவு, கீழே உள்ளது குறைந்தபட்சம். பல கார்களில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சுமார் 1 லிட்டர். நடுவில் நின்றால் அரை லிட்டர் குறைவு என்று கணக்கு. ஊற்றும்போது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சில நிமிடம் விட்டுப் பார்க்க வேண்டும். "கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே" என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவது தப்பு. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் பாதி காற்று. காற்று எதையும் மசகிடாது.

அளவைப் பார்த்தாயிற்று. இப்போது டிப்ஸ்டிக் நுனியில் இருக்கும் துளியையே பாருங்கள். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். ஓட ஓடப் பழுப்பாகி, பிறகு கறுக்கும். கறுத்துவிட்டது என்பதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். டீசல் என்ஜினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கரி கலந்து கறுத்துவிடும், அது அதன் இயல்பு. அந்தத் துளியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று இருக்க வேண்டும். மணல் போல நெறுநெறுத்தாலோ, வெயிலில் பிடிக்கும்போது பொடிப்பொடியாக உலோகம் மினுங்கினாலோ மெக்கானிக்கிடம் போகும் நேரம் வந்துவிட்டது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் எரிபொருள் கலக்கிறது. பால் கலந்தது போல வெளிறிக் குழம்பாக இருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மையான பசை தெரிகிறது, டிப்ஸ்டிக்கில் ஒன்றுமில்லை, கூலன்ட்டும் குறையவில்லை என்றால் அது வேறு கதை. குளிர்ந்த நாட்களில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் நீராவி அங்கே படிவதுண்டு. ஒரு நீண்ட பயணம் போய் வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

டப்பாவின் மேல் 5டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்புபவர்கள் உண்டு. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கிறது. அதற்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு சிறியதோ, குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் அவ்வளவு இலகுவாக ஓடும். பின்னால் உள்ள எண், 100 டிகிரி செல்சியஸில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்கிறது. "வண்டி பழசாகிவிட்டது, கெட்டி ஆயில் போடுங்கள்" என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கையேட்டில் தட்பவெப்பத்துக்கு ஏற்ப இரண்டு மூன்று வகை கொடுத்திருந்தால் அதற்குள் மாற்றிக்கொள்ளலாம். அதைத் தாண்டிப் போகும் முன், ஆயில் ஏன் குறைகிறது என்று பார்க்க வேண்டும். மேல்மூடியின் கேஸ்கெட் இறுகிக் கசிகிறதா? மறுபடியும் ரப்பர்தான். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிடுகிறதா? வால்வு சீல் தேய்ந்திருக்கும். அதுவும் ரப்பர். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் நீலப் புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

ஆயிலை நாமே மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் வண்டிக்கு அடியில் போகவேண்டி வரும் என்பதால் இதை முதல் நாள் வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருநாளும் வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. தூக்கிய பிறகு, கையேட்டில் காட்டியிருக்கும் இடத்தில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது சம்பின் அடியில் உள்ள டிரெயின் நட்டைத் திறந்தால் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். அந்த நட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். அதைப் பூட்டும்போது முரட்டுத்தனம் வேண்டாம். சம்ப் அலுமினியமாக இருந்தால் மரை போய்விடும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவிவிட்டு, அது உட்கார்ந்ததும் கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். ஃபில்டரின் மேலேயே எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று மறக்காமல் பாருங்கள். பழையது என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதைப் பூட்டினால், ஓடும்போது இரண்டு வளையமும் நழுவி ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். எடுத்த கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. கேனில் அடைத்து, மறுசுழற்சிக்குச் சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

கூலன்ட்டும் அதன் குழாய்களும்

ஓடும் என்ஜினில் கூலன்ட் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கும். ரேடியேட்டர் மூடியில் உள்ள ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால் 100 டிகிரி தாண்டினாலும் அது கொதிக்காது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் விலகி, உள்ளே இருப்பது அத்தனையும் கொதித்து முகத்தில் பாயும். மேல் குழாயைத் தொட்டுப் பார்த்து, அது குளிர்ந்திருந்தால் மட்டும் திறக்கலாம். அன்றாடம் அளவு பார்க்கத் திறக்கவே வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியும்.

குறைந்தால் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பும் பழக்கம் பழைய கார்களை நிறையவே கெடுத்திருக்கிறது. தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். கூலன்ட்டில் இருக்கும் துருத் தடுப்பான் நீர்த்துப்போகும். அவசரத்துக்கு ஊற்றி வீடு வந்து சேரலாம். ஆனால் பிறகு சரிசெய்துவிட வேண்டும். வழக்கமான கலவை, கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. கடையில் கலந்தே கிடைப்பதும் உண்டு, அதில் மறுபடி தண்ணீர் சேர்க்கக் கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்குவதும் சரிவராது. நிறத்துக்கு எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒத்துக்கொண்ட விதி எதுவும் இல்லை. கையேட்டில் சொல்லியிருக்கும் வகையைப் பாருங்கள். ஒத்துப்போகாத வகைகளைக் கலந்தால் கூழாகி அடைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள், மீந்ததைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

குழாய்களைப் பார்ப்பதற்குக் கண்ணைவிடக் கைதான் நல்ல கருவி. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டரின் மேல் குழாயைப் பிடித்து அமுக்குங்கள். நல்ல குழாய் கொஞ்சம் எதிர்த்துவிட்டு அமுங்கும், விட்டதும் பழைய உருவத்துக்குத் திரும்பும். கட்டை போல இறுகியிருந்தாலும், உள்ளே மொறுமொறுத்தாலும், கொழகொழவென்று அமுங்கினாலும் அதன் காலம் முடிந்துவிட்டது. கிளாம்ப் (குழாயை இறுக்கும் வளையம்) கவ்வியிருக்கும் இடத்துக்கு அடுத்த இரண்டு விரற்கடையை முக்கியமாகத் தடவிப் பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு காலையில் என் வண்டியின் மேல் குழாயைத் தொட்டபோது, கிளாம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புடைப்பு தட்டுப்பட்டது. நெல்லிக்காயில் பாதி அளவு, அமுக்கினால் மெத்தென்று இருந்தது. அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். நான்காம் நாள் ஒரு ஏற்றத்தில் 'புஸ்' என்ற சத்தத்தோடு பானெட்டின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. நல்லவேளை, சூடு காட்டும் முள் மேலே ஏறும் முன்பே நிறுத்தி அணைத்துவிட்டேன். இன்னும் சில நிமிடம் ஓட்டியிருந்தால் ஹெட் வளைந்து என்ஜினைப் பிரிக்க வேண்டியதாகியிருக்கும். அன்று போனது அரை முழம் ரப்பர் குழாய் மட்டும்.

ஓடும்போது முள் சிவப்பை நோக்கி ஏறினால் ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், என்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே இழுக்கும். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் நிறுத்தி அணைத்துவிடுங்கள். கசிவு வெளியே எங்கும் தெரியாமல் கூலன்ட் மட்டும் அடிக்கடி குறைந்தால், முன்பக்கம் கால் வைக்கும் விரிப்பு இனிப்பு வாடையோடு ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஹீட்டர் ரேடியேட்டர்தான் ஒழுகும். சைலன்சரில் இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் என்ஜினுக்குள்ளேயே எரிகிறது.

பெல்ட் பற்றிச் சுருக்கமாக. வெளியே தெரியும் பெல்ட், பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் ஏசியையும், பல வண்டிகளில் வாட்டர் பம்பையும் சுற்ற வைக்கிறது. ஈரமான காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சிட்டால் தளர்ந்திருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். என்ஜினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் வெடிப்பும் பிய்ந்த பல்லும் கண்ணாடி போன்ற பளபளப்பும் தெரியும். டைமிங் பெல்ட் என்பது வேறு, அது மூடிக்குள் மறைந்திருக்கும். அது அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் போய் வால்வுகளில் இடித்து எல்லாவற்றையும் வளைத்துவிடும். அது எந்தச் சத்தமும் தராமலே அறுந்துவிடக் கூடும். கையேட்டில் சொன்ன தூரமோ வருடமோ வந்துவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டு மாற்றுங்கள். பழைய வண்டி வாங்கியவர், அதில் பெல்ட்டா செயினா, எப்போது மாற்றினார்கள் என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

பிரேக் ஆயில் ஏன் ஆயில் இல்லை

பேச்சில் பிரேக் ஆயில் என்கிறோம். உண்மையில் அது எண்ணெய் வகையே இல்லை. பொதுவாகப் பயன்படும் டாட் 3, டாட் 4 (DOT) என்ற தர வகைகள் இரண்டும் கிளைக்கால் வகைத் திரவங்கள். காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் குணம். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3-க்கு இதே கணக்கு 205-லிருந்து 140.

இந்த எண்கள் ஏன் முக்கியம்? நீண்ட இறக்கத்தில் மிதித்து மிதித்து இறங்கும்போது பிரேக் பேடின் (பிரேக் தட்டைக் கவ்வும் தேய்மானக் கட்டை) சூடு பின்னால் இருக்கும் திரவத்துக்கும் ஏறுகிறது. ஈரம் குடித்த திரவம் அங்கே கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால்தான் நாம் மிதிக்கும் விசை அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. ஆவியை அமுக்கலாம். மிதித்தால் பெடல் மெத்தென்று தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. வண்டி நேற்று வரை நன்றாகப் பிடித்திருக்கும். அதனால் சுமார் 2 வருடத்துக்கு ஒரு தடவை, அல்லது கையேடு சொல்லும் இடைவெளியில், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இதை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றும்போது குழாய்களில் காற்று புகாமல் எடுக்க வேண்டும். பழகாதவர் மெக்கானிக்கிடம் விடுவதே சரி. நம் வேலை கவனிப்பது.

கவனிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டப்பாவில் அளவு மெல்ல இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிரேக் பிஸ்டன் வெளியே நகர்ந்து, அந்த இடத்தை நிரப்பத் திரவம் இறங்குகிறது. ஆக, அது பேட் தேய்ந்ததைச் சொல்லும் செய்தி. சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். பேடின் கனம் 3 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். பேட் நன்றாக இருந்தும் அளவு குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது, அன்றே காட்ட வேண்டும். ஊற்றத்தான் வேண்டும் என்றால் மூடியில் எழுதியிருக்கும் வகையை, புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து ஊற்றுங்கள். பாதி தீர்ந்து அலமாரியில் கிடக்கும் பழைய புட்டி ஏற்கனவே ஈரம் குடித்திருக்கும். தவறியும் என்ஜின் ஆயிலை இதில் ஊற்றக் கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப்போய் மொத்த பிரேக் அமைப்பும் வீணாகும். பெயின்ட்டின் மேல் சிந்தினால் உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பேட்டரி

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று எனக்கு ஒருவர் சொல்லி, மாற்றவும் நாள் குறித்தாயிற்று. அன்று மாலை சும்மா பானெட்டைத் திறந்து பார்த்தபோது பேட்டரியின் ஒரு முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. ஒரு கரண்டி சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து அதன் மேல் ஊற்றினேன். நுரைத்துப் பொங்கிக் கரைந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவித் துடைத்து இறுக்கினேன். அடுத்த திருப்பில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. செல்ஃப் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை.

இதைச் செய்யும்போது வரிசை முக்கியம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரின் உடல் முழுக்க நெகட்டிவோடு இணைந்திருக்கிறது. நெகட்டிவைக் கழற்றாமல் பாசிட்டிவ் முனையில் ஸ்பேனர் போட்டு, அந்த ஸ்பேனர் உடலில் எங்காவது தொட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரக்கூடும் என்பதால் தீப்பொறி அங்கே கூடவே கூடாது. கண்ணாடி அணியுங்கள். சுத்தம் செய்த பிறகு முனைகளில் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் பொடி பூப்பது குறையும். சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ ரகசிய எண் கேட்கும். அதை முன்பே குறித்து வையுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. என்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12-இலேயே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள், ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி வாங்கும் முன் இந்த ஒரு அளவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

டயரிலிருந்து மற்றவை

டயருக்குக் காற்று, வண்டி சில மணி நேரம் நின்று குளிர்ந்த பிறகு அளக்க வேண்டும். எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கான அளவு இல்லை. நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்க்க வேண்டும். பல நாடுகளில் பள்ளத்தின் ஆழத்துக்குச் சட்ட வரம்பு 1.6 மில்லிமீட்டர். அந்த உயரத்துக்குப் பள்ளத்துக்குள்ளேயே சின்னத் திட்டுகள் வைத்திருப்பார்கள். பட்டன், அதாவது பள்ளங்களுக்கு இடையே தரையில் படும் ரப்பர், நன்றாக இருந்தாலும் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பக்கச் சுவரில் நரம்பு நரம்பாக வெடிப்பு இருந்தால் எவ்வளவு பட்டன் மிச்சம் இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். பழைய கார்களில் அநேகமாக அதற்குத்தான் வயது அதிகம்.

ஏர் ஃபில்டர் பார்ப்பது பத்து நிமிட வேலை. கிளிப்புகளைத் திறந்து, எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றுங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. வைப்பர் ரப்பர் கோடு கோடாகத் துடைத்தால் பிளேடை மாற்றிவிடுங்கள், காத்திருக்க ஒன்றுமில்லை. ஃபியூஸ் போனால் அதே எண்ணுள்ளதைப் போடுங்கள். பொதுவாக 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. போட்டது மறுபடி போகிறதே என்று பெரிய ஃபியூஸோ கம்பியோ வைத்தால், அதன்பின் சூடாகி எரியப்போவது கம்பிப் பின்னலும் காரும்தான்.

உலோகத்துக்கு ஆயுள் அதிகம் என்று தொடக்கத்தில் சொன்னேன். உடல் தகடு அதில் சேராது, அதற்குத் தண்ணீர்தான் எமன். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேரும் சருகை அள்ளி எடுங்கள். நான்கு கதவுகளின் அடி விளிம்பிலும் சின்னத் துளைகள் இருக்கும், கதவுக்குள் இறங்கும் மழைநீர் வெளியேறும் வழி அவை. மண் அடைத்திருந்தால் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்தி விடுங்கள். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் அந்தத் துளைகள் அடைத்திருக்கின்றன.

ஏர்பேக் அமைப்பின் ஒயர்கள், ஏசி வாயு, எரிபொருள் குழாய், சஸ்பென்ஷன் ஸ்பிரிங் இந்த நான்கிலும் வீட்டில் கை வைக்க வேண்டாம். ஏர்பேக் வெடித்துத்தான் திறக்கிறது. அமுக்கி வைத்திருக்கும் ஸ்பிரிங் விடுபட்டால் எலும்பு முறியும்.

கடைசியாக, இன்றிரவே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, வண்டியை நிறுத்தும் இடத்தில் என்ஜினுக்கு நேர் கீழே விரித்து வையுங்கள். எந்தப் பக்கம் வண்டியின் முன்பக்கம் என்று அட்டையில் ஒரு அம்புக்குறி போடுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள். நிறமும் வாடையும் இல்லாத ஈரம் மட்டும் என்றால் அது ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீர், நல்லதுதான். பழுப்போ கறுப்போ வழவழப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். பச்சை, சிவப்பு அல்லது நீல நிறத்தில் இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். சக்கரத்தின் பக்கமாக, வெளிர்மஞ்சளில் வழுக்கலாக ஒரு சொட்டு இருந்தால் பிரேக் ஆயில், அந்த வண்டியை அன்று எடுக்க வேண்டாம். கறையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதே அட்டையை அதே இடத்தில் விரித்தால் கசிவு கூடுகிறதா, அப்படியே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் போகும்போது அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.